தங்க வட்டத்துக்குள் கொடுவா

கல்முனையில் சின்ன அச்சகம் ஒன்று வைத்திருக்கிறேன். கம்ப்யூட்டர் வந்த பிறகும் காலால் மிதிக்கும் பழைய மெஷினை விடவில்லை. கலியாண அழைப்புக் காட்டில் எழுத்து விரலுக்குத் தட்டுப்பட வேண்டும் என்பவர்கள் இன்னும் வருகிறார்கள். மெஷின் போடும் சத்தத்தில் அவர்களோடு அதிகம் கதைக்கவும் தேவையில்லை.

ஒரு நாள் மீன் ஆராய்ச்சி செய்யும் மிஸ் ஒருவர் வந்தார். மீன் செதிலைப் பிளாஸ்டிக் தகட்டில் வைத்து அழுத்தினால் அதன் வளையங்கள் பதியுமாம். அவற்றை எண்ணி மீனின் வயதைச் சொல்லலாமாம். அழுத்துவதற்கு என் மெஷின் வேண்டுமாம். மறுக்க எனக்கு வாய் வரவில்லை. ஈரச் செதில் பையை அவர் வெற்றுக் காட் கட்டின் மேல் வைத்தார். அதை எடுங்கள் என்று சொல்லவும் வாய் வரவில்லை.

தட்டையான அச்சு என்னிடம் ஒன்றுதான் இருந்தது. காட்டின் மூலையில் தங்க வட்டம் போடுவது. அதை வைத்துத்தான் கொடுவா மீனின் செதில்களை அழுத்தினோம். மிஸ் போனதும் அதே அச்சில் தங்க மை பூசி, பை இருந்த அதே கட்டை எடுத்து ஒரு கலியாணத்துக்கான காட் முழுவதையும் அடித்து முடித்தேன்.

காய வைக்கும்போதுதான் கண்டேன். ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் மெல்லிய வளையங்கள். ஒரு செதில் அச்சிலேயே ஒட்டியிருந்திருக்கிறது. திரும்ப அடிக்க அந்தத் தாள் ஊரில் எங்கும் இல்லை. கலியாணப் பெண்ணின் உம்மாவிடம் சொல்ல ஒரு வசனத்தை மனப்பாடம் செய்துகொண்டு காத்திருந்தேன். காலையிலேயே வந்துவிட்டார்.

"ராத்தா, இந்த வட்டத்துக்குள்ள..."

"அல்லாஹ்வே, என்ன வடிவான பூ! தம்பி, வேற ஆருட காட்டுக்கும் இதப் போட்டுடாதீங்க."

கட்டோடு போய்விட்டார்.

பின்னேரம் ஒரு காட்டுடன் திரும்பி வந்தார். அதன் ஓரம் நனைந்திருந்தது.

"எங்கட பூன காட் பெட்டிய உட்டு இறங்குதில்ல. நக்கிக்கிட்டே இரிக்கி. மையில என்னத்தப் போட்டீங்க?"

சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். "அது பூவில்ல ராத்தா. கொடுவாச் செதில்."

அவர் காட்டை முகர்ந்தார். பிறகு வட்டத்தைப் பார்த்தார். பிறகு என்னை.

"மாப்பிள்ள வீட்டுக்குக் குடுத்தாச்சே! பூ வடிவாம் எண்டு சம்பந்தி போனும் எடுத்துட்டா. இதப்பத்தி நீங்க ஆரோடயும் கதைக்கப்படா."

"ஓம் ராத்தா."

இவ்வளவு சுலபமான வேலையை எனக்கு யாரும் தந்ததில்லை.

"கடைல அத்தர் இரிக்கா?"

ஜும்ஆத் தொழுகைக்கு வைத்திருந்த அத்தர்க் குப்பியைக் கொடுத்தேன். மீதிக் காட்டில் மீன் வாசம் போகத் தடவியதில் அன்றே அது காலியாகிவிட்டது. பூனை இறங்கியதா என்று கேட்க இன்றுவரை எனக்கு வாய் வரவில்லை.