வகுத்தல் தெரிந்த சாந்தி

ஒரகடத்தில், தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த ராணுவப் பச்சை லாரி ஒன்று என் பேருந்தை ஒட்டி நின்றது. புதுப் பெயிண்ட் வாசனை ஜன்னல் வழியே ஏறியதும் நான் நினைவில் நாலாம் வகுப்பில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

பட்டாளக்காரர் பிள்ளைகளுக்கான பள்ளி அது. அப்பாவுக்கு மாற்றல் வரும்போதெல்லாம் எனக்கும் பள்ளி மாறும். தவளையின் வாழ்க்கையை மூன்று ஊரில் படித்திருந்தேன். வகுத்தலை ஓர் ஊரிலும் படிக்கவில்லை. பரீட்சையில் தவறினால் மூன்றாம் வகுப்புக்கு இறக்கிவிடுவார்கள்.

தலைமையாசிரியை திட்டவில்லை. யாருக்கு எந்தப் பாடம் விட்டுப்போனது என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுச் சுவரில் எழுதி ஒட்டினார். பிறகு, தெரியாதவருக்குப் பக்கத்தில் தெரிந்தவரை உட்காரவைத்தார். எனக்குப் பக்கத்தில் சாந்தி.

"இன்னாடி, இம்மாம் ஒசரம் வளந்துகீற, வகுத்தல் தெரியாதா?"

"உனக்குத் தவளை தெரியுமா?"

"குளத்துல பாத்துகீறேன். படிச்சதில்ல. நீ சொல்லு."

ஆளுக்கொரு ஓட்டையோடு வந்த நாங்கள் ஒருவர் ஓட்டையை ஒருவர் அடைத்தோம். நினைத்தால் இன்றும் மலைப்பாக இருக்கிறது.

பரீட்சையில் முதல் கணக்கை வகுத்தேன். மீதி பூஜ்யம் வந்தது. பூரிப்பில் பக்கத்து இடத்தைத் திரும்பிப் பார்த்தேன். காலியாக இருந்தது. முந்தின நாள்தான் சாந்தியின் அப்பாவுக்கு மாற்றலாகி, குடும்பமே ரயிலேறியிருந்தது.

நான் தேறிய செய்தியைச் சொல்ல, இன்றுவரை அவள் முகவரி எனக்குத் தெரியாது.