மார்கழியில் மாமரத்துக்குக் கவாத்து

ஒரு மார்கழிக் காலையில், கையில் அரிவாளும் கக்கத்தில் ஆங்கிலத் தோட்டக்கலைப் புத்தகமுமாக அடுத்தவர் மாமரத்தில் ஏறி, அதன் ஒரு வருட விளைச்சலை நான் வெட்டித் தள்ளியிருக்கிறேன். வெட்டும்போது சீட்டியடித்ததாகவும் நினைவு.

எழுபதுகளின் நடுவில், தூத்துக்குடியில் கப்பல் முகவர் ஒருவரிடம் குமாஸ்தா வேலை. திரேஸ்புரத்தில் ஒரு தண்டலின் வீட்டு மாடியறையில் வாசம். சரக்குத் தோணியை நடத்திப் போகிறவர்தான் தண்டல். வைகாசியில் காற்று மாறியதும் தோணி கரையேறும், அவர் வீடு திரும்புவார், மரத்தில் காய் முற்றிக் காத்திருக்கும். ஆவணியில் மறுபடி புறப்படுமுன், கயிறு அறுக்கும் கத்தியால் கொப்புகளைத் தானே கழித்துவிடுவார். காய் இறங்கிய பின், தோணி ஏறும் முன்: கவாத்துக்கு அவர் வைத்திருந்த காலம் அவ்வளவுதான். அந்த ஆண்டு பயணம் அவசரமாக வந்துவிட்டது. "தம்பி, ரெண்டு நாளைக்குள்ள கொப்பக் கழிச்சு விட்டுரும்" என்று என்னிடம் சொல்லிப் போனார்.

நான் படித்தவன், இரண்டு நாளில் செய்துவிட முடியுமா? நூலகத்தில் புத்தகம் எடுத்தேன். குளிர்காலத்தில் வெட்டு என்றது அது. தூத்துக்குடியில் குளிர்காலத்தைக் கண்டுபிடிக்க எனக்கு நான்கு மாதம் பிடித்தது. ஒரு விடியலில் போர்வையைத் தேடினேன். சரி, இதுதான் என்று ஏறிவிட்டேன். பூக்கவிருந்த நுனியெல்லாம் தரையில் கிடந்தன. மாசியில் தெருவே பூத்து நின்றபோது எங்கள் மரத்தில் மட்டும் வெறும் இலை.

தண்டலின் மனைவியை அக்கா என்பேன். அவள் என்னை ஏசவில்லை. வைகாசி நெருங்க நெருங்க அந்த மரத்தைப் பார்ப்பதை மட்டும் நிறுத்திக்கொண்டாள். அதற்கு ஏசியிருக்கலாம்.

தண்டல் வந்தார். குளிக்கக்கூடப் போகாமல் நேரே மரத்தடிக்குப் போனார்.

"காத்துல முறிஞ்சிட்டு" என்றாள் அக்கா, என் பக்கம் திரும்பாமல்.

அவர் வெட்டுப்பட்ட இடத்தை விரலால் தடவினார். "காத்துக்கு அருவா யாரு குடுத்தா?"

"நாந்தான் குடுத்தேன்" என்றாள் அக்கா.

தண்டல் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார்.

மாலையில், எனக்காகப் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டதற்கு நன்றி சொல்லப் போனேன். மீன் கழுவிக்கொண்டிருந்த அக்கா நிமிரவில்லை.

"உமக்காவா சொன்னேன்? அவரு கரையில இருக்கதே மூணு மாசம். அத உம்ம ஏசியே தீத்துட்டாருன்னா, என்னைய ஏச எப்ப நேரம் இருக்கும்?"