காலையில் மட்டும் மத்திய அரசு டீச்சர்

அந்த அரசுப் பள்ளியின் அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடமாகக் கிளார்க்காக இருந்தவளை எல்லோரும் ஸ்டிக்கர் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். மத்திய அரசு தரும் உதவி நிதியில் எது வாங்கினாலும் அதன்மேல் ஒரு மஞ்சள் ஸ்டிக்கர் இருக்க வேண்டும் என்பது விதி. மேசை, அலமாரி, உலக உருண்டை, எதையும் அவள் விட்டுவைத்ததில்லை. ஒருமுறை ஹெச்.எம். முதுகிலும் ஒன்று ஒட்டிக்கொண்டது. அது கை தவறி நடந்தது என்பது அவள் கட்சி.

சிக்கல் வாசிப்பு டீச்சரால் வந்தது. எழுத்துக்கூட்டவே திணறும் பிள்ளைகளுக்காக வேலைக்கு எடுக்கப்பட்டவள். பாதிச் சம்பளம் மத்திய அரசுடையது, மீதி நகராட்சியுடையது. தணிக்கைக்கு வந்த அதிகாரியின் விரல், மத்திய நிதியில் வாங்கிய பொருட்களின் பட்டியலில் அவள் பெயர்மேல் வந்து நின்றது.

"இந்தம்மாவுக்கு ஸ்டிக்கர் எங்க?"

"சார், அவங்க மனுஷிங்க."

"பட்டியல்ல இருக்காங்களே. ஸ்டிக்கர் இல்லேன்னா நிதி தப்பா செலவாயிருக்குன்னுதான் நான் எழுதணும். அடுத்த வருஷம் இந்த வேலையே இருக்காது."

அவர் கெட்டவரில்லை, நிஜமாகவே வருந்தினார். வருடத் தொடக்கத்தில் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்த பிள்ளைகள் இப்போது கழிவறைச் சுவரில் கிறுக்கியிருப்பதைக்கூடச் சத்தமாக வாசித்தார்கள். அக்கா டிராயரைத் திறந்து ஒரு ஸ்டிக்கரை உரித்து டீச்சரின் அடையாள அட்டையில் ஒட்டினாள்.

அதிகாரி யோசித்தார். "பாதிதானே நம்மளது? எந்தப் பாதி?"

"காலைப் பாதி சார்," என்றாள் அக்கா, கண் இமைக்காமல். "பன்னெண்டு மணிக்கு உரிச்சிடுவோம்."

அதையும் பார்த்துவிடுவதென்று அவர் வகுப்பிலேயே உட்கார்ந்துவிட்டார்; அக்காவும் கூடவே நின்றாள். பதினொன்றே முக்காலுக்கு ஒரு சிறுமி கணக்கு நோட்டுடன் வந்தாள். வாசிப்புக்கு வந்த பணத்தில் கணக்குச் சொல்லித்தரக் கூடாது. டீச்சர் அக்காவைப் பார்த்தாள். அக்கா சட்டென்று குனிந்து, "கண்ணு, அந்தக் கணக்கைச் சத்தமா வாசி," என்றாள். சிறுமி வாசித்தாள். மூன்றாவது தடவை வாசிக்கும்போது விடையே வந்துவிட்டது. அதிகாரி திருப்தியாக டிக் அடித்தார். மணி பன்னிரண்டு அடித்ததும் அக்கா ஓடிப்போய் ஸ்டிக்கரை உரித்தாள்.

ஒரு மாதம் கழித்து அறிக்கை வந்தது. வேலை இன்னும் மூன்று வருடத்துக்கு நீட்டிக்கப்பட்டிருந்தது. டீச்சரின் பெயருக்கு எதிரே இப்படி எழுதியிருந்தது: "பொருள் நல்ல நிலையில் உள்ளது. பழுது எதுவும் இல்லை."

கோபித்துக்கொள்வாளோ என்று பயந்துகொண்டேதான் அக்கா அதைக் காட்டினாள். டீச்சர் இரண்டு தடவை படித்தாள்.

"இதுல ஒரு காப்பி எடுத்துக் குடுங்கக்கா. எங்க மாமியார்கிட்ட காட்டணும்."