பிராசசர் சூடும் லூர்து அக்காவும்

இன்று மதியம் லேப்டாப் சூடேறித் தானாக அணைந்துபோனது. அடியில் கை வைத்தால் தோசைக்கல். அந்தச் சுட்ட தூசி வாசனை மூக்கில் ஏறியதும், எழுந்து ஃபேனைக் கூட்டி வைக்கக்கூட மறந்து உட்கார்ந்திருந்தேன். காரைக்குடியில் நான் வேலை பார்த்த பிரவுசிங் சென்டரின் வாசனை அது.

தகரக் கூரை. ஏசி முதலாளியின் அறையில் மட்டும். திரையின் மூலையில் பிராசசர் சிப்பின் சூடு எண்ணாக ஓடிக்கொண்டிருக்கும். எழுபது டிகிரிக்குள் இருந்தால் கவலையில்லை. எண்பதைத் தாண்டினால் நான் எழுந்து வந்து பக்கத்தில் நின்றுகொள்வேன். தொண்ணூறுக்கு மேல் போனால், சிப் கருகிவிடாமலிருக்கக் கம்ப்யூட்டர் தானே அணைந்துவிடும். எனக்கும் அப்படியொரு வசதி இருந்தால் தேவலை என்று பலமுறை நினைத்ததுண்டு.

கோட்டையூர் லூர்து அக்கா ஞாயிறு சர்ச்சில் பூசை முடிந்து நேராக வருவார். கணவர் குவைத்தில். வீடியோவில் பேசினால்தான் சூடு அதிகம் ஏறும். அது அக்காவுக்கும் தெரியும். நான் பக்கவாட்டு மூடியைக் கழற்றி வைப்பேன். அவர் ஓர் அட்டையால் உள்ளே விசிறிக்கொண்டே பேசுவார். பாதி நேரம் கண் புருஷன் முகத்தில் இருக்காது, அந்த எண்ணில்தான்.

சித்திரை வெயிலில் ஒரு ஞாயிறு. "மகளுக்குப் புதுநன்மை வருது. எப்ப வாரீக?" என்று கேட்டார். சர்ச்சில் பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் சடங்கு அது.

குவைத்திலிருந்து கணவரின் குரல் வந்தது. "லூர்து, இந்த வருசமும்…"

திரை இருண்டுவிட்டது.

நான் பதறி எழுந்தேன். "இருங்கக்கா, ஆறட்டும். திரும்பப் போட்டுத் தர்றேன்."

"வேணாம் தம்பி. அவுக என்ன சொல்ல வந்தாகன்னு தெரிஞ்சுபோச்சு." அட்டையை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. உள்ளே படிந்திருந்த செம்மண் புழுதியை ஊதித் தள்ளி, சிப்பின் மேல் காய்ந்துபோன, சூட்டைக் கடத்தும் பேஸ்டைச் சுரண்டிவிட்டுப் புதிதாகத் தடவினேன். அடுத்த ஞாயிறு எண் அறுபத்தைந்தைத் தாண்டவே இல்லை. அக்காவுக்கு விசிறும் வேலையும் இல்லை. அவரும் கணவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

போன மாதம் டவுன் பஸ்ஸில் அக்காவைப் பார்த்தேன். தலை முழுக்க நரைத்துவிட்டது. சென்டர் இருந்த இடத்தைப் பஸ் கடந்தது. இப்போது அங்கே செல்போன் கடை.

"அண்ணன் வந்துட்டாகளாக்கா?"

"வந்து ரொம்ப நாளாச்சு தம்பி. ஒரே வீட்டுல இங்குட்டு நான் ஒரு போனு, அங்குட்டு அவுக ஒரு போனு. அப்ப வாரத்துக்கு ஒரு மணி நேரமாச்சும் பேசுனோம்ல, இப்ப அதுவும் போச்சு."