வெள்ளைத் துணியில் விழுந்த சேறு

என் வீட்டுக்காரருக்குப் பட்டறையில் வைத்த பெயர் சந்தேகம். கார் ஏசி மெக்கானிக். கல்யாணத்தன்று மண்டபத்து ஃபேன் ஏன் கத்துகிறது என்று மேலே பார்த்துக்கொண்டிருந்தவர். என் முகத்தைப் பார்த்தது அப்புறம்தான். கம்ப்ரஸர் போய்விட்டது என்று யார் சொன்னாலும் நம்ப மாட்டார். அதைக் கழற்றி, உள்ளே இருக்கும் எண்ணெயை வெள்ளைத் துணியில் வடித்துப் பார்த்தால்தான் வாயைத் திறப்பார். அந்தத் துணிக்காக என் வீட்டில் ஒரு வெள்ளைச் சட்டை உருப்படியாகத் தங்கியதில்லை.

அன்று காலை பட்டறைக்கு ஒரு டாக்ஸி டிரைவர் வந்தார். பின் சீட்டில் அவர் மகள், தலையில் ஈரத் துண்டோடு. அந்தப் பிள்ளைக்குப் பிறவியிலேயே உடம்பு வேர்க்காதாம். சூடு பட்டால் காய்ச்சல் கொதிக்கும்.

"ரெண்டு தடவை கம்ப்ரஸர் மாத்தியாச்சுங்க. மறுபடியும் நின்னுபோச்சு. போன தடவை வண்டியிலேயே இவளுக்கு வலிப்பு வந்துடுச்சு. ஏசி இல்லாம இவளை எப்படிங்க பள்ளிக்கூடம் கூட்டிட்டுப் போறது?" என்றார்.

பிள்ளையை நான் கணக்கெழுதும் ஆபீஸ் அறையில் ஏசி போட்டு உட்கார வைத்தேன். யார் மாற்றியது என்று கேட்டேன். அவர் சொன்னது என் தம்பியின் பட்டறையை. எனக்கு முகம் செத்துவிட்டது.

இவர் பானெட்டைத் திறந்தார். ஏசி கேஸை இறக்கினார், கம்ப்ரஸரைக் கழற்றித் துணியில் கவிழ்த்தார். தார் மாதிரிக் கறுப்பு, அதில் வெள்ளித்தூள். தீய்ந்த நாற்றம் வேறு.

"புது கம்ப்ரஸர் தானா அரையாது. பழைய தூள் எங்கயோ தங்கியிருக்கு" என்று முன்பக்கம் கேஸைக் குளிரவைக்கும் கண்டென்சரைக் கழற்றிக் காற்றடித்தார். அதுவும் அதே சேற்றைத் துப்பியது. முதல் கம்ப்ரஸர் அரைந்தபோதே தூளெல்லாம் அங்கே போய் அடைத்திருக்கிறது. கண்டென்சரை மாற்றி, பைப்பைக் கழுவிய பிறகுதான் புதியதை மாட்ட வேண்டும். கூடுதலாக அரை நாள் வேலை. அதற்கு உடம்பு வளையாமல் ஒரு பிள்ளையின் உயிரோடு விளையாடியிருக்கிறான் என் கூடப்பிறந்தவன். சீ! போன் போட்டு உடனே வரச் சொன்னேன்.

வந்தான், கூலிங் கிளாஸைத் தலையில் ஏற்றிக்கொண்டு.

"எல்லாம் கழுவித்தான் மாமா போட்டேன். இப்பல்லாம் வர்ற சரக்கே சரியில்ல. வண்டியை எங்கிட்ட அனுப்புங்க, இன்னொண்ணு மாட்டித் தர்றேன்."

"கையை நீட்டு மச்சான்" என்றார் இவர். கண்டென்சரைச் சாய்த்தார். சேறு அவன் உள்ளங்கையில் வழிந்தது.

"அய்யய்யே! அக்கா, துணி குடு."

"எதுக்குடா? கழுவித்தானே போட்ட? சுத்தமாத்தானே இருக்கும்!" என்றேன்.

டிரைவர் அவனையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு வார்த்தை, தப்புதான் என்று ஒரே ஒரு வார்த்தை, அவன் வாயிலிருந்து வரவில்லை. எனக்கு அந்தச் சேற்றைவிட அவன் மூஞ்சிதான் குமட்டியது.

சத்தம் கேட்டுப் பிள்ளை அறைக் கதவைத் திறந்துகொண்டு வந்தது. அவன் கையைப் பார்த்தது. தலையிலிருந்த ஈரத் துண்டை எடுத்து நீட்டியது.

"அங்கிள், இதுல துடைச்சுக்கோங்க."

வெட்கங்கெட்டவன், அதை வாங்கக் கையை நீட்டினான். விட்டேன் ஒரு அறை.