செங்கல் வரிசைக்கு அந்தப் பக்கம்

புதர் மண்டிக் கெடந்த தோட்டத்தைத் திருத்த வந்த முருகனோட மண்வெட்டி, மண்ணுக்குள்ள புதைஞ்ச செங்கல்லுல ணங்குன்னு பட்டது. அந்தச் சத்தத்துல நான் பாவாடை கட்டின புள்ளையாயிட்டேன்.

இராஜபாளையத்துல எங்க வீட்டுப் பொம்பளைக முகத்தைத் தெரு பாத்ததில்லை. அப்படியொரு வீடு இது. தோட்டத்துலயும் அந்தச் செங்கல் வரிசை வரைக்கும்தான் போகலாம். வரிசைக்கு அந்தப் பக்கம், தெருவாசலை ஒட்டி நின்னது அம்மா பொறந்த வீட்டுல இருந்து கன்னா வந்த செண்பகம். அம்மா வரிசையிலயே நின்னு வாளித் தண்ணியை அதுக்கு வீசுவா. பாதித் தண்ணி என் பாவாடைக்குத்தான். பூப்பொறுக்க நான் ஒரு கால் எடுத்து வச்சாப் போதும், உள்ள இருந்து அப்பா அதட்டுவாக: "ஏட்டி, எங்க போறே?"

"அந்த மரத்துக்குக் கால் இருந்தா இந்நேரம் அதுவே உள்ள வந்திருக்கும்"ம்பா அம்மா. அப்பா காதுல விழாத மாதிரி இருமுவாக.

"ஆச்சி, இந்தக் கல்லையெல்லாம் பேத்திரவா?"ன்னு முருகன் கேட்டான்.

"கெடக்கட்டும்லே"ன்னேன்.

வாளியைத் தூக்கிட்டு வரிசையைத் தாண்டிப் போனேன். செண்பகத்துத் தூருலயே நின்னு ஊத்தினேன். செத்த நேரம் வீட்டையே பாத்துக்கிட்டு நின்னேன். ஒருத்தரும் அதட்டலை.