கார் ஷெட்டில் காய்ந்த துணிகள்

செங்கம் ரோட்டில் மூன்று மாடி லாட்ஜ், அடி அண்ணாமலையில் அரிசி மில், என் பெண்கள் மூவருக்கும் தனித்தனி வீடு. ஐந்தாம் வகுப்போடு நின்றவன் கட்டியவை இவை. பேங்குக்காரன் வாசலோடு அனுப்பினான், அப்படியும் கட்டினேன். ஆனால் என் முதல் பெரிய வேலை பதினோரு வயதில், ஒரு கார் ஷெட்டில் நடந்தது.

கார்த்திகை தீபத்துக்கு வரும் சொந்தக்காரர்களுக்கு வீட்டை விட்டுக்கொடுப்பது எங்கள் ஊர் மரியாதை. அந்த வருடம் பெரியப்பா குடும்பம் பதினான்கு பேராக வந்து இறங்கியது. வாடகைக்கு நாங்கள் இருந்தது இரண்டே அறை. பிள்ளை பெற்று இருபது நாளான அம்மாவையும் கைக்குழந்தையான தங்கச்சியையும் என்னையும் வீட்டுக்காரரின் காலி ஷெட்டுக்கு மாற்றினார் அப்பா.

"பத்து நாளுதான, பல்லக் கடிச்சிக்க" என்றார் அம்மாவிடம்.

சிமெண்டுத் தரை ஜில்லென்று இருக்கும். தகரக் கதவுக்கு அடியில் சாரல் வரும். மழை விடாததால் குழந்தைத் துணி ஒன்றும் காயவில்லை. ஈரத்திலேயே கிடந்து குழந்தைக்கு இருமல் கண்டது. நான் வீட்டுக்காரம்மாவிடம் கரண்ட் இஸ்திரிப் பெட்டியைக் கெஞ்சி வாங்கிவந்து, துணிகளைத் தேய்த்தே காயவைத்தேன். வீட்டுக்குள் பெரியம்மா வெந்நீருக்கு ஹீட்டர் போட, பீஸ் போய்விட்டது. நானே ஸ்டூலில் ஏறிக் கம்பி மாற்றினேன்.

"ஷாக் அடிச்சி சாவப்போற, எறங்குடா."

"நீங்க குளிக்கறத கம்மி பண்ணுங்க பெரிம்மா."

தீபத்தன்று சாயங்காலம் எல்லோரும் மொட்டை மாடிக்குப் போனார்கள். நான் போகவில்லை, துணி பாக்கி இருந்தது. மடியில் குழந்தையை வைத்து அம்மா சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். இருமல் நின்றிருந்தது. சூடு வேலை செய்கிறது என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. மாடியில் அரோகரா சத்தம் எழுந்தபோது அம்மா மெதுவாகச் சொன்னாள்.

"போதும்டா. நிறுத்திடு."

"இன்னும் ரெண்டு ஈரமா கீதும்மா."

கரண்டு ஜாஸ்தியாகிறது என்று வீட்டுக்காரருக்குப் பயப்படுகிறாள் போல என்று நினைத்தேன். அந்த இரண்டையும் தேய்த்து, சூடு ஆறுவதற்குள் அவற்றில் குழந்தையைச் சுற்றினேன். அம்மா தடுக்கவில்லை. அவளுக்குத் தெரிந்திருந்தது. எனக்குத் தெரியவில்லை.

"கொழந்த தீபத்தன்னிக்குப் போச்சு, அண்ணாமலையாரே கூப்டுக்கினாரு" என்று சொந்தக்காரர்கள் இன்றும் சொல்கிறார்கள். அப்பாவும் கடைசிவரை அதையேதான் சொன்னார். சொல்லட்டும். ஆனால் அந்தக் குழந்தை காய்ந்த துணியில் போனது. தேய்த்தவன் நான். அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.